இருபத்தேழாவது ஜாடி

கதவு இன்னும் வரவில்லை.

போன வாரம் கண்ணாடிக் குளிர்பெட்டி கடை வாசலில் சிக்கிக்கொண்டபோது, தச்சர் கழற்றித் தோளில் தூக்கிக்கொண்டு போன அதே கதவுதான். "ரெண்டே நாள்ல மாட்டிடுறேன்" என்றவர், ஆறு நாளாக "இதோ கிளம்பிட்டேன்" என்று கிளம்பிக்கொண்டே இருந்தார்.

அதனால் காலை எட்டு மணிக்கு அவள் இரும்பு ஷட்டரை மேலே தள்ளியதும் நேரே கடை. உப்பும் புகையும் பாலும் கலந்த வாசனை முகத்தில் மோதியது. மாமியார் பாஷையில் அது நாற்றம்.

பதினாலு வருஷம் ரயில் நிலையத்து ஒலிபெருக்கியில் பேசிக்கொண்டிருந்தவள் வேலையை விட்டாள். அச்சகத்தில் காகிதம் வெட்டிக்கொண்டிருந்த கணவன், அச்சகத்தை மூடியதும் அதே கையால் பன்றித்தொடை ஹாம் சீவக் கற்றுக்கொண்டான். நல்ல சீஸ், நல்ல ஹாம், ஆலிவ், எண்ணெயில் ஊறிய காய், வகை வகையான சாந்து என்று நாக்குக்கு இதமானதாகத் தேடிப் பிடித்து விற்கச் சின்னதாக ஒரு கடை. "அந்தக் கடைக்குள்ள என் கால் படாது" என்று மாமியார் சபதமும் போட்டாயிற்று. நாளைக்குத் திறப்பு.

இன்றைக்குப் பதினோரு மணிக்கு உணவு ஆய்வாளர் வருகிறார். அவர் கையெழுத்துப் போட்டால் கடை உண்டு. போடாவிட்டால் அடுத்த தேதி நாற்பது நாள் கழித்து. நாற்பது நாள் காத்திருக்க மனிதர்களால் முடியும். ஹாமால் முடியாது.

அவள் விளக்கைப் போட்டாள். அலமாரியைப் பார்த்தாள். விளக்கை அணைத்துவிட்டு மறுபடியும் போட்டுப் பார்த்தாள்.

"என்னங்க!"

"என்ன?" கூடவே வந்து சீவும் மிஷினைத் துடைக்க ஆரம்பித்திருந்த கணவன் திரும்பவில்லை.

"ஜாடியில ஒட்டின லேபிள் எல்லாம் எங்க?"

"ஜாடியிலதான்."

"கொஞ்சம் திரும்பித்தான் பாருங்களேன்."

திரும்பினான். மூன்று தட்டு நிறைய, ஒரே அளவில், ஒரே மூடியோடு கண்ணாடி ஜாடிகள். இரண்டு பேரும் ஒரு வாரம் உட்கார்ந்து நிரப்பியவை. ஒன்றிலும் லேபிள் இல்லை. எல்லாம் முகம் கழுவிப் பொட்டு வைக்காத பிள்ளைகள் மாதிரி வரிசையாக நின்றன.

"ஐயையோ" என்றான் கணவன்.

பின்கட்டு வாசல் வழியாக மாமனார் வந்தார். கையில் காகிதக் கட்டு, காதில் சிவப்பு மெழுகுப் பென்சில். மகன் காகிதம் வெட்டிய அதே அச்சகத்தில் முப்பத்தெட்டு வருஷம் பிழை திருத்தியவர். முகத்தில் அப்படி ஒரு நிறைவு.

"முடிஞ்சுதும்மா. ஒரு பிழை இல்லை."

"எதுல மாமா?"

"லேபிள்லதான். 'எண்ணையில் ஊறிய கத்திரிக்காய்'னு எழுதியிருந்தியே. எண்ணெய்னு எழுதணும். 'கடுகு சாந்து'ல ஒற்று இல்லை, 'முந்திரி பசை'ல ஒற்று இல்லை. 'கருப்பு ஆலிவ்' போனாப் போகட்டும், கருப்பு, கறுப்பு ரெண்டும் உண்டுங்கிறாங்க. இருபத்தாறு லேபிள்ல முப்பத்தொரு பிழைம்மா! படிச்ச ஆய்வாளர் கண்ணுல பட்டா நம்ம குடும்ப மானம் என்னாகுறது?"

"அதனால?"

"நேத்து சாயங்காலம் வெந்நீர்ல நனைச்சு எல்லாத்தையும் உரிச்சுட்டு, புதுசா எழுதிட்டேன். எழுத்தைப் பாரு."

பார்த்தாள். எழுத்து முத்து முத்தாகத்தான் இருந்தது.

"எது எந்த ஜாடிக்கு மாமா?"

"அகர வரிசையில அடுக்கி வெச்சிருக்கேன்."

"ஜாடியையா?"

"லேபிளை."



அவளுக்குப் பதற்றம் வந்தால் அழுகை வராது, கோபம் வராது. பழைய வேலை வந்துவிடும். நிமிர்ந்து நின்று, தொண்டையைச் செருமி, சுவரைப் பார்த்துப் பேச ஆரம்பித்தாள்.

"கடையிலுள்ள அனைவரின் கனிவான கவனத்திற்கு. பதினோரு மணிக்கு வரவேண்டிய ஆய்வாளர் சரியான நேரத்தில் வந்துகொண்டிருக்கிறார்..."

"ஏய், ஏய்" என்று கணவன் தோளைப் பிடித்து உலுக்கினான். "ஸ்டேஷன்ல இருந்து இறங்கு. பார்த்தாலே தெரியுறதை முதல்ல ஒட்டுவோம்."

ஆலிவ் ஆலிவாகத் தெரிந்தது. வெங்காயம், காளான், கத்திரிக்காய் எதுவும் கண்ணை ஏமாற்றவில்லை. ஒன்பது மணிக்குள் பதினாறு ஜாடிக்கு முகம் வந்துவிட்டது. ஒவ்வொன்றையும் ஒட்டியதும் மாமனார் வாங்கி, தலைகீழாகத் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்தார்.

"எதுக்கு மாமா கவுக்குறீங்க?"

"நேரா ஒட்டியிருக்கான்னு பாக்குறேன்."

மிச்சமெல்லாம் சாந்தும் பசையும் பழப்பாகும். மஞ்சளாக மூன்று, பழுப்பாக நாலு, வெள்ளையாக இரண்டு என்று கண்ணுக்குப் பிடிகொடுக்காத ரகம். நாக்கு வேண்டும். அவள் நாக்குக்குக் காலையிலிருந்து பயத்தைத் தவிர வேறு ருசி தெரியவில்லை. கணவனுக்கோ எல்லாமே நன்றாக இருக்கும்.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு மடக்கு நாற்காலி விரியும் சத்தம் கேட்டது.

மாமியார்.

கதவு இருந்திருந்தால் எது உள்ளே, எது வெளியே என்று தெரிந்திருக்கும். இல்லாத கதவின் கோட்டைக் கண்ணாலேயே அளந்து, அதற்கு ஒரு விரற்கடை வெளியே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"என்ன எல்லாரும் பேயறைஞ்ச மாதிரி நிக்குறீங்க?"

கணவன் சொன்னான். மாமியார் கேட்டார். பிறகு தன் கணவரைப் பார்த்த பார்வையில் அவர் ஒரு ஜாடிக்குப் பின்னால் ஒளிய முயன்றார்.

"ஏங்க, மளிகைச் சீட்டைத் திருத்துறேன்னு எடுத்துட்டுப் போய் மூணு நாள் கழிச்சுக் குடுத்தப்பவே நான் சுதாரிச்சிருக்கணும்." மருமகள் பக்கம் திரும்பினார். "கொண்டா ஸ்பூனை."

"அத்தை, நீங்கதான் கடைக்கே வர மாட்டேன்னு..."

"கால் வைக்க மாட்டேன்னுதானே சொன்னேன்? வாய் வைக்க மாட்டேன்னு சொன்னேனா?"

அதற்கு மேல் அந்த வீட்டில் யாரும் வாதாடியதில்லை. கணவன் ஜாடிகளை ஒவ்வொன்றாக வாசலுக்குக் கொண்டுபோனான். அவள் லேபிளோடு பக்கத்தில் நின்றாள்.

"கடுகு. உப்பு ஜாஸ்தி."

ஒட்டினாள்.

"இது பூண்டு. சுட்ட பூண்டு. ஒரு கொதி குறைச்சிருக்கலாம்."

ஒட்டினாள்.

"இது தக்காளி. இதை எதுக்குக் காய வெச்சு, மறுபடி நனைச்சு, தலையைச் சுத்தி மூக்கைத் தொடுறீங்க? பச்சையாவே வித்தா என்ன?"

"அத்தை, மணி ஒன்பதே முக்கால்."

"இது பேரீச்சம்பழம்."

'பேரீச்சை' லேபிளை அவள் எடுத்ததும் மாமனாருக்கு இருமல் வந்தது. லொக்கு லொக்கென்று நிற்காத இருமல்.

"தண்ணி குடிங்க மாமா."

"ஒண்ணுமில்லை. ஒட்டு. லொக்... லொக்."

"இரு, இரு" என்றார் மாமியார். "பல்லுல விதை கடிபடுது. பேரீச்சை இல்லை, அத்தி."

'அத்தி' லேபிளை எடுத்தாள். இருமல் நின்றது. அவளுக்கு அதை யோசிக்க நேரம் இல்லை.

பத்தரைக்கு வெள்ளை ஜாடி இரண்டும் வந்து நின்றன. ஒன்று கொண்டைக்கடலைப் பசை, இன்னொன்று முந்திரிப் பசை. இரண்டிலும் பூண்டு, இரண்டிலும் எலுமிச்சை. மாமியார் மாற்றி மாற்றி நக்கிப் பார்த்தார். புருவம் சுருங்கியது.

"தெரியலை."

"அத்தை, இதுல மட்டும் குத்துமதிப்பு கூடாது. முந்திரி ஒத்துக்காதவங்க இருப்பாங்க. அதை லேபிள்ல காட்டணும்னே சட்டம், அதுக்குத்தான் இந்தச் சிவப்புப் பொட்டு. மாத்தி ஒட்டினா கையெழுத்து போறது இருக்கட்டும், யாருக்காவது மூச்சு முட்டினா?"

"நான் சாப்பிடுறேன்" என்றான் கணவன்.

"நீங்க சாப்பிட்டு என்ன ஆகப்போகுது?"

"அவன் சொல்றது சரிதான்" என்றார் மாமியார். "முந்திரி தின்னா இவனுக்குக் காது அரிக்கும். சின்னதுல இருந்தே."

அவள் கையிலிருந்த லேபிள் நழுவியது.

"என்னது?"

"இடது காது. அரிக்கும், சிவக்கும், அரை மணியில போயிடும்."

"பதினோரு வருஷமா உங்க பிறந்தநாளுக்கு முந்திரி கேக் செய்யுறேனே!"

"நல்லாத்தான் இருந்துச்சு" என்றான் அவன் தரையைப் பார்த்து.

"எல்லாரும் கைதட்டும்போது காதைச் சொறிஞ்சுக்கிட்டு நிப்பீங்களே, நான் வெட்கம்னு நினைச்சேன்!"

"நீ ஆசையா செஞ்சே. காதுதானேன்னு விட்டுட்டேன்."

அவள் மணியைப் பார்த்து, கேக் வழக்கை நாளைக்குத் தள்ளிவைத்தாள்.

முதல் ஜாடியில் ஒரு ஸ்பூன். மூன்று பேர் அவன் இடது காதை வெறித்துப் பார்த்தார்கள். காது காதாகவே இருந்தது. ஏழு நிமிஷம் ஆயிற்று.

"அப்ப மத்தது முந்திரிதான். போதும்டா, அதைத் தின்னாதே" என்றார் மாமனார் அவசரமாக.

"உறுதியா தெரியணும்ப்பா" என்று அவன் ஸ்பூனைப் போட்டுவிட்டான்.

மூன்றாவது நிமிஷம் காது மடலில் ஓர் இளஞ்சிவப்பு எட்டிப் பார்த்தது. நாலாவது நிமிஷம் அவன் கை தானாக மேலே போனது.

"முந்திரி!" என்று மூன்று பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். தெருவில் போன ஒருவர் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

சிவப்புப் பொட்டு ஒட்டியாயிற்று. கையைத் தட்டிக்கொண்டு திரும்பியவள் அலமாரியைப் பார்த்தாள். கீழ்த்தட்டு மூலையில் இன்னும் ஒன்று.

கறுப்புமில்லை, சிவப்புமில்லை. பளபளவென்று ஒரு கெட்டிப் பாகு. அவள் கையில் லேபிள் இல்லை. தரையில் தேடினாள். அங்கேயும் இல்லை.

"நீங்க வாங்கினீங்களா?"

"இல்லையே. நீ?"

"கொண்டா" என்றார் மாமியார்.

ஒரு ஸ்பூன் வாயில் வைத்தார். கண்ணை மூடினார். எல்லாரும் காத்திருந்தார்கள். கண் திறக்கவில்லை. இன்னொரு ஸ்பூன் எடுத்தார்.

"என்ன அத்தை அது?"

"வெங்காயம் இருக்கு. அத்தி இருக்கு. ஆரஞ்சுத் தோல் மாதிரி என்னமோ..."

"உப்பு?"

"சரியா இருக்கு."

அவள் அலமாரியைப் பிடித்துக்கொண்டாள். பதினோரு வருஷத்தில் அந்த வாயிலிருந்து அந்த இரண்டு வார்த்தைகளை அவள் கேட்டதில்லை. பின்னால் மாமனார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"உள்ளே வரலாமா?" என்றது ஒரு குரல்.

ஆய்வாளர் அம்மா. கையில் கோப்பு, வெப்பமானி.

"தாராளமா போங்கம்மா" என்றார் மாமியார் நாற்காலியை நகர்த்தி. "நான்தான் உள்ளே வர மாட்டேன்."

ஆய்வாளர் ஒரு காலைத் தூக்கியபடி நின்றார். "ஏன், அவ்வளவு மோசமா?"

"கனிவான கவனத்திற்கு..." என்று அவள் ஆரம்பிக்க, கணவன் அவள் காலை மிதித்தான்.

குளிர்பெட்டியின் உள்ளே வெப்பமானி போயிற்று. சீவும் மிஷினின் அடிப்பக்கத்தில் விரல் போயிற்று. கை கழுவும் குழாய் மூன்று தரம் திறந்து மூடப்பட்டது. கணவன் ஒரு ஹாம் துண்டைச் சீவி, தன் உள்ளங்கைக் கோடுகள் தெரியும்படி விரித்துக் காட்டினான்.

"உங்க காதுக்கு என்ன ஆச்சு?"

"தரப் பரிசோதனை மேடம்."

அலமாரிக்கு வந்ததும் ஆய்வாளர் நின்றுவிட்டார். ஒவ்வொரு லேபிளாகப் படித்தார். "எண்ணெய்னு சரியா எழுதின கடையை இன்னைக்குத்தான் பாக்குறேன். ஒற்றெல்லாம் கூட இருக்கே. யார் எழுதினது?"

மாமனார் இரண்டு அங்குலம் வளர்ந்தார்.

"பட்டியல்ல இருபத்தாறு. இங்க இருபத்தேழு இருக்கு." ஆய்வாளர் அந்த ஜாடியைத் தூக்கினார். "இது என்ன?"



மூடியைத் திறந்து முகர்ந்தார். தன் பையிலிருந்து ஒரு ஸ்பூன் எடுத்து நுனியில் தொட்டு நாக்கில் வைத்தார். ஏதோ எழுதப் போனவர், பேனாவை மூடிவிட்டு இன்னொரு ஸ்பூன் எடுத்தார். "ஆய்வுக்காக" என்றார் பொதுவாக.

"எடுத்துடுறோம் மேடம்" என்றாள் அவள்.

"எடுத்தா சரியாப் போச்சா? யார் செஞ்சது, எப்படி உள்ளே வந்துச்சுன்னே தெரியாம ஒரு ஜாடி இருக்குன்னா, நாளைக்கு வேற எதுவும் வரலாமே." கோப்பிலிருந்து ஒரு தாளை உருவினார். "மத்ததெல்லாம் சரி. நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு வர்றேன். செஞ்சவங்க பேரு, என்னென்ன சேர்த்தது, எந்த இடத்துல செஞ்சது, மூணும் எழுதிக் கையெழுத்தோட இருக்கணும். இருந்தா கடை திறக்கலாம்."

"இல்லைன்னா?"

"நாற்பது நாள்."

வாசல் வரை போனவர் திரும்பினார். "அது விற்பனைக்கு வந்தா எனக்கு ஒண்ணு எடுத்து வைங்க."

ஆய்வாளர் போனதும் ஆளுக்கு ஆள் பார்த்துக்கொண்டார்கள். கணவன் ஜாடி வாங்கிய கடைக்கு ஃபோன் போட்டான். காலி ஜாடி முப்பது கொடுத்தோம், அதற்கு மேல் தெரியாது என்றார்கள். மாமியார் தெருவில் போகிறவர்களை எல்லாம் சந்தேகமாகப் பார்த்தார்.

அவள் ஜாடியை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எந்த ஒரு குறிப்பும் இல்லை. மேலே பார்த்தாள், பக்கத்தில் பார்த்தாள். பிறகு தலைகீழாகத் திருப்பினாள்.

அடிக் கண்ணாடியில், சிவப்பு மெழுகில், பொடியாக ஒரு கேள்விக்குறி.

மெதுவாக எழுந்து கடுகு ஜாடியைத் திருப்பினாள். அடியில் '9'. அத்தி ஜாடியில் '1'. கொண்டைக்கடலை '12'. முந்திரி '23'. லேபிள் எழுதிய அகர வரிசைப்படி ஒன்றிலிருந்து இருபத்தாறு வரை, ஒவ்வொரு ஜாடிக்கும் எண் இருந்தது.

குடைக்கம்பிக்குக் கூட நம்பர் போடுகிற மனிதர். ஜாடிக்குப் போடாமல் விட்டிருப்பாரா? காலையிலேயே தோன்றியிருக்க வேண்டும்.

"மாமா."

மாமனார் பின்கட்டுப் பக்கம் நழுவப் பார்த்தார்.

"மாமா, உங்க இருமல் எப்படி இருக்கு?"

அவர் நின்றார். திரும்பினார். திருட்டு மாங்காயோடு பிடிபட்ட பையன் முகம்.

"பேரீச்சைன்னு தப்பா ஒட்டப் போனே. இருமினேனே" என்றார் சன்னமாக. "தப்பு நடக்க விடுவேனாம்மா? ஒவ்வொண்ணையும் கவுத்துப் பார்த்தேன். முந்திரியை இவன்தான் சொல்லச் சொல்லக் கேக்காமத் தின்னுட்டான்."

"அப்ப எல்லாம் தெரிஞ்சுக்கிட்டே காலையில இருந்து என்னை ஆட வெச்சீங்களா? என் உயிர் போயிட்டு வந்துச்சு மாமா!"

"நம்பரைச் சொல்லியிருந்தா அரை மணியில ஒட்டி முடிச்சிருப்பீங்க. நம்பர் இல்லாததைத் தூக்கி ஓரமா வெச்சிருப்பீங்க." கைகளைப் பிசைந்தார். "யாரும் வாயில வெச்சுப் பார்த்திருக்க மாட்டீங்க."

அவள் ஜாடியைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"இது நீங்க செஞ்சதா?"

கணவன் காதைச் சொறிவதை நிறுத்தினான்.

"முப்பத்தெட்டு வருஷம் அடுத்தவங்க எழுதினதுல இருக்குற குத்தத்தையே பார்த்தாச்சு. சொந்தமா ஒண்ணும் செஞ்சதில்லை. நீங்க ரெண்டு பேரும் ராப்பகலா இந்தக் கடைக்கு உழைக்கிறதைப் பார்த்து... ஒரு ஆசை." குரல் இறங்கியது. "நான் செஞ்சேன்னு குடுத்திருந்தா உங்க அத்தை வாயைத் திறக்குறதுக்கு முன்னாடியே உப்பு ஜாஸ்தின்னு சொல்லியிருப்பா. யாருன்னு தெரியாம தின்னா, கண்ணை மூடிட்டா. பார்த்தியா? கண்ணை மூடிட்டாம்மா."

அவளுக்குக் கோபம் இருந்தது. எங்கே வைத்தோம் என்றுதான் தெரியவில்லை. தாளையும் பேனாவையும் எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"எழுதுங்க. பேரு."

"பேரு எதுக்கும்மா, 'குடும்பத்தார்'னு போட்டுக்கலாமே..."

"பேரு போட்டாத்தான் நாளைக்குக் கடை மாமா."

எழுதினார். முத்து முத்தான அந்தக் கை தன் சொந்தப் பேரில் ஒரு துணைக்காலை விட்டுவிட்டது. பார்த்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, சேர்த்தார்.

சேர்த்த பொருள்கள்: வெங்காயம், அத்தி, வினிகர், மிளகு, ஆரஞ்சுத் தோல். சரசரவென்று வந்தது.

செய்த இடம்.

பேனா நின்றது.

"எழுதுங்கப்பா" என்றான் மகன்.

மாமனார் தாளைப் பார்த்தார். பிறகு ஓரக்கண்ணால் வாசலைப் பார்த்தார்.

வாசலில் மாமியார் எழுந்து நின்றிருந்தார். இவ்வளவு நேரமும் எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.

"ஏன் நின்னுடுச்சு பேனா? எழுதுங்க. எங்க செஞ்சீங்க?"

"அது வந்து..."

"என் அடுப்புல இல்லை. என் வெங்காயக் கூடையில ஒண்ணு குறைஞ்சாலும் எனக்குத் தெரியும். மூணு மாசமா விடியக்காலையில நடக்கப் போறேன், நடக்கப் போறேன்னு கிளம்புறீங்க. நடந்துட்டு வர்ற மனுஷன் மேல எதுக்கு வெங்காய வாசனைன்னு நானும் யோசிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்."

"நீ உட்காரு, நான் சொல்றேன்..."

"உட்கார்றதெல்லாம் அப்புறம். சொல்லுங்க, யார் வீட்டு அடுப்பு?"

கேட்டுக்கொண்டே வந்தார். குளிர்பெட்டியைத் தாண்டினார், சீவும் மிஷினைத் தாண்டினார், நேரே வந்து மேஜைமேல் இரண்டு கையையும் ஊன்றி நின்றார்.

கணவனும் மனைவியும் குனிந்து தரையைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இரண்டு காலும் கடைக்குள் இருந்தன. அதைச் சொல்ல அங்கே யாருக்கும் தைரியம் இல்லை.